அம்மாவோடு வாட்டர் வில்லாவில் நான்கு இரவு

செம்பவாங்கிலிருந்து:

மாலத்தீவு என்றாலே தேனிலவுக்குப் போகிற இடம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்தப் பக்கத்தில் மாலத்தீவுப் பயணம் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் கணவன் மனைவியாகப் போனவர்கள். நாங்கள் 2025 செப்டம்பர் பள்ளி விடுமுறையில் 73 வயது அம்மாவையும் தொடக்கநிலை 4இல் படிக்கும் மகனையும் கூட்டிக்கொண்டு போனோம். பெரியவர்களோடு போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது கோடியக்கரை. கல்யாணமாகி இங்கே சிங்கப்பூருக்கு வந்ததிலிருந்து வீவக (அரசு அடுக்குமாடி) வீடுதான், பதினோராம் மாடி. "கடல் சத்தத்துல தூங்கி எத்தனை வருஷமாச்சு" என்று எப்போதாவது சொல்வார். அப்பா போன பிறகு அதை அடிக்கடி சொல்ல ஆரம்பித்தார். அதனால்தான் இரண்டு வருடம் சேமித்து, கடலுக்கு மேலேயே தூங்குகிற இடமாக, தூண்கள்மேல் கட்டிய வாட்டர் வில்லாவாகப் பார்த்தேன்.

முதலில் பட்ட கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சாங்கியிலிருந்து மாலே நாலரை மணி நேரம். எங்கள் விமானம் இரவில் போய் இறங்கியது. எங்கள் ரிசார்ட் இருந்த பா அட்டோலுக்கு (அட்டோல் என்றால் வட்டமான பவளத் தீவுக் கூட்டம்) கடல் விமானத்தில் போக ஏற்பாடு. அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். டிக்கெட் போட்டுக்கொடுத்த முகவர் இதைச் சொல்லவே இல்லை. நடு இரவில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் அறை தேடினேன். ஒரு இரவுக் காசு வீணானதைவிட, அம்மா பசியோடு பெட்டி மேல் சாய்ந்திருந்ததுதான் இன்னும் மனதை உறுத்துகிறது. மதியத்துக்குள் மாலே போய்ச் சேரும் விமானமாகப் பாருங்கள். இல்லையென்றால் வேகப் படகில் போகக்கூடிய தீவாகத் தேர்ந்தெடுங்கள்.

மறுநாள் காலை கடல் விமானம். பதினைந்து பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம், காதைப் பிளக்கும் சத்தம், மிதவையில் நின்று குறுகலான ஏணியில் ஏற வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அந்த நாலு படிதான் சிரமம். விமானி வெறுங்காலோடு வந்து அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். மேலே போனதும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். கீழே கரும் நீலத்தில் வெளிர்பச்சை வட்டங்கள், வட்டத்துக்குள் வட்டம். அரை மணி நேரத்துக்கு மேல் ஜன்னலில் நெற்றியை வைத்தபடியே வந்தார்.

வில்லா கரையிலிருந்து நீளும் மரப்பாலத்தின் கடைசிப் பக்கம். பார்த்ததும் அம்மா, "கேலோங் மாதிரியே கட்டியிருக்கான்" என்றார். இங்கே கடலில் கட்டும் மீன்பிடி மேடைதான் கேலோங். உண்மைதான், கால்கள் கடலுக்குள், பலகை மேலே. உள்ளே மட்டும் ஏசி, குளியல் தொட்டி, தரையில் ஒரு கண்ணாடிச் சதுரம்.

முதல் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தென்மேற்குப் பருவக் காற்று, மழை. வீட்டின் அடியில் அலை தூணில் மோதும் சத்தம். அம்மாவுக்குப் பயமாக இருக்குமோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். பால்கனிக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்துவிட்டு, காற்றுப் படும்படி தலையணையை மாற்றிப்போட்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் இரவு மூன்று முறை எழுந்திருப்பவர். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

எங்கள் வில்லாவைக் கவனித்துக்கொண்ட இளைஞர் தூத்துக்குடிக்காரர். அம்மா மகனிடம் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அம்மா, எந்த ஊரு?" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் தினமும் மாலை ஆறு மணிக்கு மேல் அவர் வேலை முடிந்து போகும் வழியில் பத்து நிமிடம் பாலத்தில் நின்று பேசிவிட்டுத்தான் போவார். ஊருக்குப் போய் பதினான்கு மாதம் ஆகிறதாம். "தம்பி, சாப்பிட்டியா?" என்று அம்மா கேட்டபோது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கிளம்பும் நாளில், சிங்கப்பூரிலிருந்து கொண்டுபோன முறுக்குப் பொட்டலத்தை அம்மா அவர் கையில் திணித்தார்.

அவர்தான் காலைச் சாப்பாட்டுக்கு மஸ் ஹுனி எடுத்துக்கொள்ளச் சொன்னார். உதிர்த்த சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை; கூடவே ரோஷி என்ற மெல்லிய ரொட்டி. அம்மா ஒரு வாய் வைத்ததும், "இது மாசிச் சம்பல்!" என்றார். நாம் வாங்கும் மாசிக் கருவாடு காலங்காலமாக அந்தத் தீவுகளிலிருந்து வந்த சரக்குதானே. மேற்கத்திய உணவு வரிசையாக வைத்திருந்தும் நாலு நாளும் அவர் அதையேதான் சாப்பிட்டார். அப்புறம், எங்களை மீன் பார்க்கக் கூட்டிப்போன படகை அங்குள்ளவர்கள் 'தோணி' என்றே சொல்கிறார்கள். மகன், "பாட்டி, இது தமிழ்ப் பாடத்தில் வந்த வார்த்தை!" என்று குதித்தான். பள்ளியில் மனப்பாடம் செய்த சொல் ஒன்றில் அவன் ஏறி உட்கார்ந்திருந்தான்.

காசு விஷயம். நம் ஊர் உணவகங்களில் பிளஸ் பிளஸ் போடுவார்களே, அங்கே அது இன்னும் பெரிது. 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதன்மேல் சுற்றுலாத் துறை ஜிஎஸ்டி 17 விழுக்காடு. 2025 ஜூலைக்கு முன் 16ஆக இருந்தது. ரிசார்ட்டில் தங்கினால் பசுமை வரி ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 அமெரிக்க டாலர், 2025 ஜனவரியில்தான் இரட்டிப்பாக்கினார்கள். கடல் விமானக் கட்டணம் தனி. எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அம்மாவுக்கு நான் இன்னும் தொகையைச் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. பல வில்லாக்களின் மரத்தளத்துக்குத் தடுப்புக் கம்பி கிடையாது. சிறு பிள்ளைகள் இருந்தால் கரையோர வில்லாவே நல்லது. சில ரிசார்ட்டுகள் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே வாட்டர் வில்லாவே தருவதில்லை.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து:

அக்கா, படித்துவிட்டு என் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். நன்றி.

நாங்கள் கல்யாணமான புதிதில் போனோம். சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று கூடுதல் காசு கொடுத்து மேற்குப் பக்க வில்லா எடுத்தோம். ஆகஸ்ட் மாதம். தென்மேற்குக் காற்று நேராக முகத்தில். படியில் இறங்க முடியாத அளவு அலை. எதிர்ப்பக்கம், சூரியன் உதிக்கும் திசையில், தண்ணீர் கண்ணாடி போல் கிடந்தது, விலையும் குறைவு. மே முதல் அக்டோபர் வரை போகிறவர்கள் கிழக்குப் பக்கம் கேளுங்கள்.

இன்னொன்று, வாட்டர் வில்லா என்றால் வாசலிலேயே பவளமும் மீனும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நிறைய இடங்களில் அடியில் வெறும் மணல்தான். எங்களுக்குக் குட்டிச் சுறாக்கள் வந்தன, துடுப்பின் நுனி கறுப்பு, முழங்கால் ஆழத்தில் சுற்றும், ஒன்றும் செய்யாது. ஆனால் பவளப்பாறைக்கு நடந்தும் படகிலும் போக வேண்டியிருந்தது. அந்தப் பவளமும் 1998, 2016 வெப்பத்தில் வெளுத்துப் பாதிக்கப்பட்டதிலிருந்து மீண்டுகொண்டிருப்பது. கால் வைத்து நிற்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பா அட்டோலில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டா திருக்கைகளைப் பார்த்த அன்று வழிகாட்டி ஒரே ஒரு விதிதான் திரும்பத் திரும்பச் சொன்னார்: தொடாதே, துரத்தாதே, மிதந்துகொண்டே இரு. வீடு அளவு அகலமான ஒன்று வாயைத் திறந்தபடி என் அடியில் போனது. மூச்சு விட மறந்து, வாயில் வைத்திருந்த மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் குடித்துவிட்டேன். அங்கே காற்றுச் சிலிண்டரோடு முக்குளிக்க அனுமதி இல்லை, மேலே மிதந்து பார்ப்பது மட்டும்தான்.

சாங்கியில் மதுபானம் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். மாலே சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

தெம்பனிஸிலிருந்து:

ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வரும் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' இந்த மாலத்தீவுதான் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். தோணி என்ற சொல்லைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்களுக்கு: நாங்கள் காரில் மலேசியாவின் போர்ட் டிக்சன் போய், கடல்மேல் கட்டிய அறையில் தங்கினோம். மலாக்கா நீரிணை என்பதால் தண்ணீர் தெளிவாக இருக்காது, மீன் தெரியாது. ஆனால் அடியில் அலைச் சத்தம் கேட்கும். என் மாமனாருக்கு அதுவே போதுமாக இருந்தது. அடுத்த வருடம் அவரை மாலத்தீவு கூட்டிப்போகலாமா என்று யோசிக்கிறோம். இடுப்பு அறுவை சிகிச்சை செய்தவர். கடலில் இறங்கும் படி அவருக்குச் சரிப்படுமா?

செம்பவாங்கிலிருந்து:

கூட்டிப்போங்கள் ஐயா, வேகப் படகுத் தீவாகப் பாருங்கள். பாலம் நீளமாக இருக்கும், ஆனால் கூப்பிட்டால் பக்கி என்கிற சின்ன வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். கடலில் இறங்கும் படியில் இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறதா என்று முன்பே கேட்டு, அந்தப் படியையே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்களுக்கு அனுப்பினார்கள். கீழ்ப்படியில் பாசி வழுக்கும், ரப்பர் செருப்பு கொண்டுபோங்கள். அம்மா கடைசிப் படியில் உட்கார்ந்து, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, மதியம் முழுக்கக் காலை நனைத்துக்கொண்டிருந்தார். அவர் இறங்கி நீந்த வேண்டும் என்றில்லை, அந்தப் படி மட்டும் உறுதியாக இருந்தால் போதும்.