ஒரு சேவை மூடப்பட்டபோது உங்களுக்கு என்ன நேர்ந்தது?

வாசல்படி

வருடக்கணக்கில் பயன்படுத்திய ஒரு இணையச் சேவை திடீரென்று "இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்" என்று மடல் அனுப்பிய அனுபவம் இங்கே பலருக்கும் இருக்கும். அப்போது என்ன செய்தீர்கள், எதைக் காப்பாற்றினீர்கள், எது கையை விட்டுப் போனது என்று எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

என்னுடையது குறிப்புகள் எழுதி வைக்கும் ஒரு சேவை. பெயர் வேண்டாம், இன்று அது இல்லை. வேலையில் ஒரு பிழையைச் சரிசெய்தால் எப்படிச் செய்தேன் என்று அன்றைக்கே அதில் எழுதிவிடுவேன். படித்ததில் பிடித்த வரிகள், பாதியில் நின்ற யோசனைகள் எல்லாம் அங்கேதான். கூட வேலை பார்த்த நான்கைந்து பேர் என் குறிப்புகளைப் படித்துக் கீழே ஏதாவது சொல்வார்கள். சில சமயம் குறிப்பைவிட அந்தப் பதில்தான் சரியாக இருக்கும்.

60 நாள் அவகாசம் கொடுத்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினேன், ஒரு ஜிப் கோப்பு வந்தது. அதை வட்டில் போட்டுவிட்டு வேறு சேவைக்கு மாறிவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது: என் எழுத்து வந்திருந்தது, மற்றவர்கள் எழுதிய பதில் ஒன்றுகூட வரவில்லை. "இதைப் பற்றி அங்கே எழுதியிருக்கிறேன்" என்று ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்கு நான் கொடுத்திருந்த இணைப்புகள் எல்லாம் மூடிய தளத்தின் முகவரிக்கே போயின.

'கோப்பு கிடைத்ததே, இன்னும் என்ன வேண்டும்' என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட்டால் வீடு கிடைத்ததாக ஆகாது.

பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். பலர் மிகவும் வருந்தினார்கள். ஆனாலும் அதன் வாசகர்களில் பெரும்பாலோர் தாங்கள் தொடர்ந்து படித்த தளங்களை இழக்கவில்லை. தளங்கள் தங்கள் புதிய பதிவுகளை இப்படிப்பட்ட செயலிகளுக்குத் தரும் ஆர்எஸ்எஸ் என்பது யாருக்கும் சொந்தமில்லாத திறந்த வடிவம். எந்தெந்தத் தளங்களைப் படிக்கிறோம் என்ற பட்டியலை ஒரே கோப்பாக எடுத்து இன்னொரு செயலியில் போட்டால் மறுநாளே படிக்கலாம். 2019 ஏப்ரலில் கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் மூடியபோது அப்படி ஒரு வழி இல்லை. எழுதியதை எடுக்க முடிந்தது, ஆனால் அங்கே கூடியிருந்த ஆட்களை அப்படியே கொண்டுபோய் வைக்க வேறு இடம் எங்கே? இரண்டையும் நடத்தியது ஒரே நிறுவனம்தான். அடியில் இருந்த வடிவம்தான் வேறு.

இரவுப்பணி

நான் மறுபக்கத்தில் இருந்தவன். மூடும் மடலில் ஒரு பத்தி நான் எழுதியது. கடைசியில் அழிக்கும் நிரலை ஓட்டியதும் நான்தான்.

எங்களுடையது சிறிய நிறுவனம், ஒன்பது பேர். தினமும் எதையாவது பதிவு செய்து வைக்க ஒரு செயலி. எங்களை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. எங்கள் செயலி அவர்களுக்குத் தேவைப்படவில்லை, அதைச் செய்தவர்கள்தான் தேவைப்பட்டார்கள். மென்பொருள் தொழிலில் இது அடிக்கடி நடக்கும். பயனர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. "உங்களோடு பயணித்ததில் பெருமை கொள்கிறோம்" என்றுதான் மடல் போகும்.

எக்ஸ்போர்ட் வசதியை, அதாவது பயனர் தன் தரவை வெளியே எடுத்துக்கொள்ளும் வழியை, எழுத எனக்கு இரண்டு வாரம் கொடுத்தார்கள். ஒவ்வொரு பதிவையும் ஒரு கோப்பாக்கி, எல்லாவற்றையும் ஜிப் செய்து கொடுப்பது. எழுதி முடித்தேன், சோதித்தேன், எழுத்தெல்லாம் சரியாக வந்தது. வெளியிட்டோம்.

மூடுவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு பெண்மணியிடமிருந்து மடல் வந்தது. அவருடைய குழந்தைக்கு வலிப்பு வரும். எப்போது வந்தது, எத்தனை நிமிடம் நீடித்தது, அன்று தூக்கம் எப்படி என்று நான்கு வருடமாக எங்கள் செயலியில் எழுதி வந்திருக்கிறார். மருத்துவரைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் காட்டுவாராம். "கோப்புகள் வந்துவிட்டன, நன்றி. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே தேதி இருக்கிறதே, எதற்கு முன்னால் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டிருந்தார். கோபமே இல்லாத மடல்.

திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. நான் கோப்புகளை உருவாக்கிய நேரத்தையே கணினி கோப்பின் தேதியாக வைத்திருந்தது. பதிவு எழுதப்பட்ட தேதியை நான் எங்கேயும் போடவில்லை. திரையில் அந்தத் தேதி எப்போதும் பதிவின் தலைப்புக்கு மேலே தெரியும். அதனால் அது எழுத்தோடு சேர்ந்தது என்றே என் மனதில் பதிந்திருந்தது. தரவுத்தளத்தில் அது வேறு ஒரு நெடுவரிசை.

இரண்டு இரவு உட்கார்ந்து சரிசெய்தேன். கோப்பின் பெயரே வருடம், மாதம், நாள், நேரம் என்று தொடங்கும்படி மாற்றினேன், எந்தக் கணினியில் போட்டாலும் வரிசையாக நிற்கும். நேர மண்டலத்தையும் சேர்த்தேன். அந்தப் பெண்மணிக்கு முதலில் அனுப்பினேன். பதில் வந்தது, வரிசை சரியாக இருக்கிறது என்றார்.

ஆனால் அதற்குள் பாதிக்கு மேற்பட்டவர்கள் பழைய ஜிப்பை எடுத்துக்கொண்டு கணக்கையே மூடிவிட்டிருந்தார்கள். கணக்கை மூடினால் மின்னஞ்சல் முகவரியையும் அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. நல்ல விதிதான், அவர்களுடைய அந்தரங்கத்துக்காக வைத்தது. அதனாலேயே "திருத்திய கோப்பை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர்களுக்குச் சொல்ல வழியில்லாமல் போனது. தளத்தின் முகப்பில் பெரிதாக அறிவிப்பு வைத்தோம். கணக்கை மூடிவிட்டுப் போனவர் மறுபடி முகப்புக்கு ஏன் வரப்போகிறார்?

கடைசி நாள் நிரலை ஓட்டினேன். பதினோரு நிமிடத்தில் முடிந்தது. பேக்கப்புகள் ஒரு மாதம் இருந்தன, பிறகு அவையும் தாமாகவே அழிந்தன. எத்தனை வீட்டில் வரிசை தெரியாத கோப்புகள் கிடக்கின்றனவோ என்று இன்றும் நினைப்பேன். ஒரு சேவையைத் தொடங்குவதற்குக் கொடுக்கும் கவனத்தில் கால்வாசியாவது மூடுவதற்குக் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வாரமும் ஒரு ஆளும் போதாது.

கம்பித்தடம்

நான் இழந்தது ஒரு பெட்டி. வீட்டு விளக்குகளை இயக்குவதற்காக வாங்கியது. நிறுவனம் தன் சர்வரை நிறுத்திய அன்று அதுவும் நின்றது. பெட்டியில் ஒரு பழுதும் இல்லை, மின்சாரமும் வந்துகொண்டுதான் இருந்தது. வீட்டுக்குள் இருந்த விளக்கை எரியவைக்க வெளியே எங்கோ இருக்கும் கணினியின் அனுமதி தேவைப்பட்டிருக்கிறது.

ரெவோல்வ் என்ற, வீட்டுச் சாதனங்களை இயக்கும் கருவிக்கு 2016 மே மாதம் இப்படித்தான் நடந்தது. 300 டாலர் விலையுள்ள கருவி. அதைச் செய்த நிறுவனத்தை நெஸ்ட் என்ற வேறு நிறுவனம் வாங்கியது, பிறகு சேவையை நிறுத்தியது. இப்போது எந்தக் கருவி வாங்கினாலும் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்க்கிறேன். ஓடாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

தாள்கட்டு

இழந்த கதை இல்லை, மீட்கப் போன கதை. ஆர்க்கைவ் டீம் என்று ஒரு தன்னார்வலர் குழு இருக்கிறது. 2009 அக்டோபரில், யார் வேண்டுமானாலும் சொந்தப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸை யாஹூ மூடியபோது அங்கிருந்த பக்கங்களை முடிந்தவரை நகலெடுத்தவர்கள் இவர்கள். அவர்களுடைய மென்பொருளை நம் கணினியில் நிறுவிவிட்டால், மூடப்போகும் தளத்தின் பக்கங்களை அது தானாகவே சிறிது சிறிதாக எடுத்து அனுப்பும். கூகுள் பிளஸ் மூடுவதற்கு முந்தைய மார்ச் மாதம் முழுவதும் என் பழைய மடிக்கணினியை இரவும் பகலும் ஓடவிட்டேன். முன்பின் தெரியாதவர்களின் பதிவுகள் வரிவரியாகத் திரையில் ஓடும். நான் ஒன்றையும் நின்று படிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு ஆள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பது அப்போது உறைத்த மாதிரி எனக்கு என்றைக்கும் உறைத்ததில்லை.

பலர் தங்கள் பாடல்களைப் பதிவேற்றி வந்த மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தின் விஷயத்தில் அந்த அவகாசம்கூட யாருக்கும் கிடைக்கவில்லை. சர்வர் மாற்றும்போது, 2015 வரை பதிவேற்றப்பட்ட பாடல்கள் போய்விட்டன என்பது 2019 மார்ச்சில்தான் வெளியே தெரிந்தது. 5 கோடிப் பாடல்கள் வரை இருக்கலாம் என்று அப்போது செய்தி வந்தது. ஆய்வுக்காக ஒரு குழு முன்பே எடுத்து வைத்திருந்த ஏறத்தாழ 4,90,000 பாடல்கள் மட்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் வந்து சேர்ந்தன.

நேர்கோடு

எல்லோருடைய வருத்தமும் புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். இவற்றில் பெரும்பாலானவை இலவசம். சர்வருக்கும் ஆட்களுக்கும் மாதாமாதம் செலவு உண்டு. இலவசமாகக் கொடுப்பவர் நிறுத்தக்கூடாது என்று நாம் எப்படிக் கேட்க முடியும்? காசு கொடுத்து வாங்கியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

வாசல்படி

நியாயமான கேள்வி. நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படி நடத்த முடியாது. ஆனால் காசு கொடுத்தால் நிலைக்கும் என்பதும் சரியில்லை. கம்பித்தடத்தின் பெட்டி காசு கொடுத்து வாங்கியதுதானே. மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் மின்னூல் கடையை மூடியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் நூல்களும் அந்த ஜூலையோடு திறக்காமல் போயின, ஏனென்றால் ஒவ்வொரு நூலையும் திறக்கச் சர்வரின் அனுமதி தேவை. பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தார்கள். நூலில் குறிப்பெழுதி வைத்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கொடுத்தார்கள். நேர்மையாகத்தான் நடந்துகொண்டார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் ஓரத்தில் எழுதிய குறிப்புக்கு யார் விலை போட முடியும்?

நான் கேட்பது எளிது. உள்ளே வரும் வழியைப் போலவே வெளியே போகும் வழியும் முதல் நாளே இருக்கட்டும். ஐரோப்பாவில் 2018 மே முதல் இது சட்டத்திலேயே இருக்கிறது: ஒருவர் கொடுத்த தரவை, கணினியால் படிக்கக்கூடிய பொது வடிவத்தில் அவர் திரும்பக் கேட்கலாம்.

அப்புறம், இரவுப்பணி எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய ஜிப்பை இன்றுதான் முதல்முறையாக முழுவதும் பிரித்தேன். 2,316 கோப்புகள். எல்லாவற்றுக்கும் ஒரே தேதி.

இரவுப்பணி

வருந்துகிறேன், நான் எழுதிய நிரல் இல்லையென்றாலும். உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். கூடவே ஜேசன் கோப்பு (.json என்று முடியும், தரவை எழுத்தாக வைத்திருக்கும் கோப்பு) ஏதாவது இருக்கிறதா பாருங்கள். சாதாரண எழுத்துச் செயலியில் திறக்கும். இருந்தால் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் 10 அல்லது 13 இலக்க எண் ஒன்று இருக்கலாம். 10 என்றால் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி என்று பொருள். 13 என்றால் மில்லி விநாடி, ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். அதைத் தேதியாக மாற்ற ஒரு வரி நிரல் போதும். எண் கிடைத்தால் சொல்லுங்கள், 2,316 கோப்புகளுக்கும் பெயர் மாற்றும் நிரலை நான் எழுதித் தருகிறேன். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள், நகலெடுத்துக்கொண்டு செய்யுங்கள்.

வாசல்படி

இருக்கிறது. அடியில் ஒரே ஒரு ஜேசன் கோப்பு, படங்களுக்கான அடைவுக்குள் கிடந்தது. முதல் குறிப்புக்குப் பக்கத்தில் 1317468312 என்று இருக்கிறது. மாற்றிப் பார்த்தேன்: 2011 அக்டோபர் 1, சனிக்கிழமை. அன்று விடுமுறை, வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. குறிப்பில் இரண்டே வரி, அதிலும் ஒரு எழுத்துப்பிழை.

நிரலை அனுப்புங்கள். நகல் எடுத்துவிட்டேன்.