புதுப்பிப்பு: செயற்கை மூட்டில் தொற்று, ஆன்டிபயாடிக் 6 வாரமா 12 வாரமா?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அப்பாவின் செயற்கை முழங்கால் மூட்டில் சீழ் பிடித்து, மூட்டைக் கழற்றாமல் திறந்து கழுவினார்கள். அதன்பின் மருந்து எத்தனை வாரம் என்று கேட்டிருந்தேன்.

“மூட்டு உள்ளேயே இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் கணக்கு” என்று ஒருவர் சொன்னதுதான் உதவியது. மருத்துவரும் அதையே சொன்னார்: 2021-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், 6 வாரம் எடுத்தவர்களுக்கே தொற்று அதிகம் நீடித்தது, குறிப்பாக மூட்டைக் கழற்றாதவர்களிடம். அதனால் 12 வாரம். முதலில் ஊசி, அப்புறம் ரிஃபாம்பிசின், லெவோஃப்ளாக்சசின் மாத்திரைகள்.

எதிர்பாராதது, ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமானது. ரத்தமோ என்று பயந்துவிட்டோம், அது இயல்புதானாம். கால்சியம் மாத்திரையை லெவோஃப்ளாக்சசினோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது, மருந்து உடலில் சேராது.

மருந்து முடிந்து 5 மாதம். வீக்கமில்லை, சிஆர்பி (உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) இயல்பு, அப்பா நடக்கிறார்.