தாணேயில் இறங்க விடாத கை என்னுடையது

டோம்பிவிலி கணக்குப்பிள்ளை:

சொந்த ஊர் கடையம் பக்கம். ஏழு வருடமாக மும்பைக்கு வெளியே டோம்பிவிலியில் குடியிருப்பு, மும்பைக்குள் பைகுல்லாவில் கணக்கு எழுதும் வேலை. கல்யாண் ஸ்டேஷனிலிருந்து வரும் எட்டேகால் ஃபாஸ்ட் லோக்கல் ரயில்தான் என் வண்டி; சில ஸ்டேஷன்களில் மட்டும்தான் நிற்கும். முன்னாலிருந்து நான்காவது பெட்டி, இரண்டாவது கதவு. அந்தக் கதவில் எங்களுக்கு ஒரு குரூப் உண்டு. பதினாலு பேர். நான் ஒருவன்தான் தமிழ்.

லோக்கலில் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்காவதாக ஓரத்தில் ஒட்டிக்கொள்வதை இங்கே ஃபோர்த் சீட் என்பார்கள். முதல் வருடம் முழுக்க நின்றுகொண்டுதான் போனேன். ஒருநாள் ஒருவர் அரை இஞ்ச் நகர்ந்து "பைட்டோ", உட்கார் என்றார். அன்றைக்குத்தான் இந்த ஊர் என்னைச் சேர்த்துக்கொண்டது. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது மூன்று பேர் வேலைக்கு லீவு போட்டு ரத்தம் கொடுத்தார்கள். தசரா சமயத்தில் பெட்டிக்குச் சாமந்தி மாலை கட்டிப் பூஜை போடுவோம். நல்ல மனிதர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை ஒரு பையன் டோம்பிவிலியில் ஏறிவிட்டான். இருபது வயது இருக்கும், முதுகில் பெரிய பை. தாணேயில் இறங்க வேண்டும் என்றான். எங்கள் குரூப்புக்கு எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது: வழியில் இருக்கும் தாணே போகிறவன் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ வண்டியில் போகணும், ஃபாஸ்டில் ஏறினால் பாடம் சொல்லித் தரணும். கதவு நடுவில் இருக்கும் கம்பியை நான் பிடித்திருந்தேன். யாரும் எனக்குக் கண் காட்டவில்லை. தாணே வந்ததும் என் முழங்கை தானாகவே அகன்றது. பின்னாலிருந்து இரண்டு பேர் அவன் பையை இழுத்துக்கொண்டார்கள். வண்டி கிளம்பிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்புறம் அவன் போனை எடுத்துப் பேசினான்: "அம்மா, எறங்க விட மாட்டேன்னுட்டாங்கம்மா. இல்ல, யாரும் அடிக்கல. லேட்டாகும்னு அவங்ககிட்ட சொல்லிடு."

நெல்லைப் பேச்சு. என் முழங்கைக்குக் கீழேயே நின்று பேசினான். நானும் தமிழ்தான் தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை. தாணேக்கு அப்பால் காட்கோபரில் இறங்கி, எதிர்ப் பிளாட்பாரத்துக்கு எப்படிப் போவது என்று யாரிடமோ இந்தியில் தடுமாறிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி, குழந்தையோடு போகும்போது இதே கதவில் நானே மூன்று பேருக்கு வழிவிட்டு நிற்பேன். ஊருக்குப் போனால் பஸ்ஸில் பெரியவர்களைக் கண்டால் எழுந்துவிடுவேன். அப்படியானால் வியாழக்கிழமை அந்தக் கம்பியைப் பிடித்திருந்தது யார்? உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கோலிவாடா குமாரு:

அண்ணே, கோபப்படாதீங்க. கூட்டம் உங்க கையைப் பிடிச்சுக் கம்பியில வைக்கல. அந்தப் பையன் மராத்தியில பேசியிருந்தா இந்தப் பதிவே வந்திருக்காதுன்னு நினைக்கிறேன். ஏழு வருஷத்துல எத்தனை பேரைக் காட்கோபர் வரைக்கும் இழுத்துட்டுப் போயிருப்பீங்க, எண்ணிப் பாருங்க.

டோம்பிவிலி கணக்குப்பிள்ளை:

எண்ணிப் பார்த்தேன். நினைவில் இருப்பவர்களே ஆறேழு பேர். நீங்கள் சொல்வது சரி.

முலுண்ட் மீனா:

சைக்காலஜியில் எம்.ஏ. இப்போது செய்வது இன்சூரன்ஸ் வேலை. படித்தது எதுவும் பயன்படாது என்றிருந்தேன், இன்றைக்குப் பயன்படுகிறது.

1970களின் தொடக்கத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற பேராசிரியர் நியூயார்க் சப்வேயில் ஒரு சோதனை வைத்தார். மாணவர்கள் ரயிலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் போய், காரணம் எதுவும் சொல்லாமல், "உங்கள் இடத்தைத் தர முடியுமா?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டதில் 68 சதவீதம் பேர் எழுந்தோ நகர்ந்தோ இடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது அந்த எண்ணிக்கை இல்லை. கேட்கப் போன மாணவர்கள் வெலவெலத்துப் போனார்கள். மில்கிராமே ஒருநாள் கேட்கப் போனார், வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டது. கடைசியில் எப்படியோ கேட்டு இடம் வாங்கியதும், உடம்பு சரியில்லாதவர் மாதிரித் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாராம். கேட்டதற்கு ஒரு நியாயம் வேண்டுமே!

யாரும் எழுதி வைக்காத விதியை மீறுவது உடம்பிலேயே வலிக்கும். உங்களுக்கு வாய் வராமல் போனதும் அதே வலிதான். குமாரு சொன்னதை மறுக்கவில்லை. வலித்தது என்பதால் செய்தது சரியாகிவிடாது.

இன்னொன்று. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951இல் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி ஒரு சோதனை செய்தார். அறையில் இருந்த ஒருவரைத் தவிர எல்லோரும் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் வேண்டுமென்றே தப்பான பதில் சொன்னால், அந்த ஒருவரும் மூன்றில் ஒரு பங்கு தடவை அதே தப்பைச் சொன்னார். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் கோடுகள் அவை. அதே அறையில் இன்னும் ஒரே ஒரு ஆள் சரியான பதிலைச் சொல்லிவிட்டால், தப்பு நூற்றுக்கு ஐந்து, ஆறு என்று இறங்கிவிட்டது. பதினாலு பேரையும் நீங்கள் திருத்த வேண்டியதில்லை. ஒருவர் போதும். ரத்தம் கொடுத்த மூன்று பேரில் யாராவது?

எங்கள் லேடீஸ் பெட்டியிலும் இதெல்லாம் உண்டு, புனிதம் ஒன்றும் இல்லை. பட்டாணி உரித்துக்கொண்டே முழங்கையால் இடிப்பார்கள். ஒருமுறை புதிதாக ஏறிய பெண்ணை எல்லோரும் சேர்ந்து திட்டிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா தலையை நிமிர்த்தாமலே "ஜாவூ தே" என்றார். போகட்டும் விடு என்று அர்த்தம். அத்தோடு அடங்கிவிட்டது.

பார்சல் பாண்டி:

இதே ஆளுங்க ஏசி லோக்கல்ல ஏறினா எப்படி இருக்காங்கன்னு பாருங்க. கதவு தானா மூடிக்கும், கம்பியில தொங்க வழியில்ல. மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த மாதிரி நிப்பாங்க. எனக்கு மனசெல்லாம் தெரியாது, கதவை மாத்துங்க. 2025 ஜூன் 9 மும்ப்ராகிட்ட படியில தொங்கினவங்க விழுந்து செத்தாங்களே, மறுநாளும் அதே படியில நின்னுதான் நான் வேலைக்குப் போனேன். எல்லாரும் நிக்கிறாங்களே, நமக்கு மட்டும் என்ன ஆகும்னு ஒரு நினைப்பு.

மாட்டுங்கா மாமா:

எல்லோரும் கூட்டத்தைத் திட்டுகிறீர்கள். 2005 ஜூலை 26 அன்றைக்கு சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. நான் குர்லா தாண்டித் தண்டவாளத்தில் இறங்கி நடந்தேன். இடுப்புவரை தண்ணீர். சாக்கடை மூடி எங்கே திறந்திருக்கிறது என்று தெரியாது. முன்னால் போகிறவன் தோளைப் பின்னால் வருகிறவன் பிடித்துக்கொள்ள, நாற்பது ஐம்பது பேர் சங்கிலியாகப் போனோம். யார் தோள், யார் கை, ஒன்றும் தெரியாது. ஒரு குடிசையிலிருந்து ஒரு அம்மாள் பாத்திரத்தோடு சாயா கொண்டுவந்து நீட்டினாள். காசு வாங்கவில்லை.

தம்பி, அன்றைக்கு அந்த வரிசையில் யாருக்கும் யாரையும் தெரியாது. உமது பதினாலு பேரும் ஒருவருக்கொருவர் நன்றாகத் தெரிந்தவர்கள். சிக்கல் கூட்டத்தில் இல்லை, அந்தத் தெரிந்த முகங்களிடம் நல்ல பெயர் வாங்குவதில் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. நாற்பது வருடம் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். தனியாகப் போனால் நான் யாரையும் கிண்டல் செய்ததே இல்லை.

டோம்பிவிலி கணக்குப்பிள்ளை:

மாமா, நீங்கள் சொன்னதும் அந்த அரை இஞ்ச்தான் நினைவுக்கு வந்தது. அதைத் தக்கவைத்துக்கொள்ளத்தான் முழங்கையை அகட்டியிருக்கிறேன்.

நேற்று, அதாவது திங்கட்கிழமை, கதவில் ஒரு பெரியவர் வந்து நின்றார். திவா தாண்டும்போதே "தாணே?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். கம்பியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன், ஆனால் உள்ளங்கை வேர்த்துவிட்டது. மீனா சொன்ன பேராசிரியரை நினைத்துக்கொண்டேன். பின்னாலிருந்து "க்யா ரே", என்னடா என்று குரல் வந்தது. அப்பாவுக்கு ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவர் கதவை மறித்துக்கிடந்த தன் பையைக் காலால் நகர்த்தினார். என் பக்கம் பார்க்கவில்லை. பெரியவர் இறங்கிப் போய்விட்டார்.

இன்று காலை எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: தாணே மாஸ்டர். வழக்கம்போல வடாபாவ் நீட்டினார்கள். ஃபோர்த் சீட் மட்டும் யாரும் நகரவில்லை. பைகுல்லா வரை நின்றுகொண்டே போனேன்.