"நான் அரைநாகி" என்று அவளே சொல்லிக்கொள்ளலாமா?

வைத்திக்குப்பத்தான்:
மிகுபுனைவு நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகியின் தாய் நாகக்கன்னி, தந்தை எங்கள் குப்பத்து ஆட்களைப் போலக் கட்டுமரக்காரர். ஒன்பதாம் அத்தியாயத்தில் கோட்டைக் காவலன் மறித்து "நீ யார்?" என்கிறான். "நான் அரைநாகி" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பகடை உருட்டும் எங்கள் கூட்டத்தில் படிக்கக் கொடுத்தேன். பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மஞ்சக்குப்பம் மறுப்பாளன்:
சுளித்தவர்கள் பக்கம்தான் நானும். தமிழில் 'அரை' போட்டுத் தொடங்கும் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: அரைவேக்காடு, அரைகுறை, அரைக்கிறுக்கு. வேகாத சோறுதான் நினைவுக்கு வருகிறது. ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014 விதிநூலில், மனிதக் கலப்பில் பிறந்த அரை எல்ஃப் (எல்ஃப் என்பது வனதேவர் போன்ற இனம்), அரை ஆர்க் (ஆர்க் என்பது முரட்டு இனம்) இரண்டும் இருந்தன. 2024 பதிப்பில் இரண்டுமே இல்லை. விற்கிறவனுக்கே உறைத்துவிட்டது, எழுதுகிற உங்களுக்கு உறைக்கவில்லையா?

முத்தியால்பேட்டை அக்கா:
எடுத்துவிட்டால் தீர்ந்ததா தம்பி? ஆறு வருடமாக நான் ஆடுவது அரை ஆர்க். புது நூலில் ஆர்க் முழுதாக உள்ளே வந்துவிட்டது, என் ஆள் வெளியே நிற்கிறாள். பெயர்ப்பலகை பிடிக்கவில்லை என்று வீட்டையே இடித்திருக்கிறார்கள்.

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் எல்ரோண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவனும் எல்ரோஸும் எல்ஃப், மனிதக் கலப்பு வழியில் வந்த இரட்டைப் பிள்ளைகள். எல்ஃபா, மனிதனா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை வந்தபோது எல்ரோண்ட் எல்ஃப் பக்கம் நின்றான். எல்ரோஸ் மனிதர் பக்கம் போய் நூமெனோர் என்ற தீவு நாட்டின் முதல் அரசனானான். பல ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் எல்ரோண்டுக்கு 'அரை எல்ஃப்' என்றுதான் பெயர். அதை யாரும் ஏச்சாகச் சொல்லவில்லை.

மஞ்சக்குப்பம் மறுப்பாளன்:
அவன் பிரபு அக்கா. பிரபுவுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் பட்டமாகிவிடும். நம் பக்கத்துப் பாரதக் கூத்துக்கு வாருங்கள். அரவான் நாகக்கன்னி உலூபியின் மகன், கடோத்கசன் இடும்பியின் மகன். ஒருவனைக் களப்பலி கொடுத்தார்கள், இன்னொருவன் கர்ணனின் சக்தி ஆயுதத்தை வாங்கிக்கொண்டு விழுந்தான். கலப்பில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் அப்பன் வீட்டுப் பங்காளிச் சண்டைக்கே செலவானார்கள். தன்னை 'அரை' என்று சொல்லிக்கொள்கிறவளை இந்த நாவலும் கடைசியில் பலி கொடுக்கும், பாருங்கள்.

முத்தியால்பேட்டை அக்கா:
அபிமன்யுவும்தான் செத்தான். அவன் என்ன கலப்பு?

மஞ்சக்குப்பம் மறுப்பாளன்:
அபிமன்யுவின் பிள்ளைக்குப் பட்டம் கட்டினார்களே.

துய்மா வீதிப் பேரன்:
என் பாட்டி கிரயோல், அதாவது பிரெஞ்சு, இந்தியக் கலப்பு வழி வந்தவர். தெருப் பிள்ளைகள் 'சட்டைக்காரி' என்பார்கள். புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் கவுன் நனையாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொள்வார். மறுகை ஆள்காட்டி விரலால் வஞ்சிரத்தின் செவுளைத் திறந்து பார்த்து, "நேற்றைய மீனை இன்றைக்கு விற்கிறாயா?" என்று மீன்காரம்மாவை வம்புக்கு இழுப்பார். அச்சு அசல் தமிழ்தான். "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று யாராவது கேட்டால் ஒரே பதில்: "துய்மா வீதி." குலத்தைக் கேட்டால் வீதியைச் சொல்கிறவர். நான் பள்ளியில் கால்வாசி பிரெஞ்சுக்காரன் என்று பீற்றிக்கொண்டது தெரிந்த அன்று முதுகில் ஒன்று வைத்தார்.

முத்தியால்பேட்டை அக்கா:
துய்மா வீதியில் வீடு இருந்தது, சொல்லிக்கொண்டார். வீடில்லாதவர் எந்த வீதியைச் சொல்வார்?

துய்மா வீதிப் பேரன்:
வாடகை வீடுதான் அக்கா.

தேவனாம்பட்டினம்:
நாகத் தாய்க்குப் பிறந்த பிள்ளைக்குப் பெயர் வேண்டுமென்றால் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. பெரும்பாணாற்றுப்படை உரையில் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். நாகபட்டினத்துச் சோழன் பிலத்தின் (நிலத்தடிக் குகையின்) வழியே நாகலோகம் போய் நாகக்கன்னியோடு கூடுகிறான். பிள்ளை பிறந்தால் தொண்டை என்ற செடியின் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடு, கரை சேர்ந்தால் நாடு தருகிறேன் என்கிறான். சேர்ந்தவன் தொண்டைமான் ஆகிறான். திரை கொண்டுவந்ததால் திரையன். கொடியும் அலையும்தான் பெயரில் இருக்கின்றன. சோழமும் இல்லை, நாகமும் இல்லை.

மஞ்சக்குப்பம் மறுப்பாளன்:
இதைத்தான் இவ்வளவு நேரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். 'திரையள்' என்று வையுங்கள், பிரச்சினை முடிந்தது.

முத்தியால்பேட்டை அக்கா:
முடியவில்லை. கொடியைக் கட்டச் சொன்னது அப்பன், கட்டியது அம்மா, பெயர் சொன்னது ஊர். அந்தப் பிள்ளையை யார் கேட்டார்கள்? இந்தத் தம்பியின் நாவலில்தான் அவளே வாய்திறக்கிறாள். அதையும் பிடுங்கி நாம் ஐந்து பேர் கூடிப் பெயர் வைக்கிறோம். எனக்கு 'அரை' பிடிக்கும் என்பதல்ல, அவள் வாயிலிருந்து வருகிறதே என்றுதான் அதன் பக்கம் நிற்கிறேன்.

வைத்திக்குப்பத்தான்:
இரவு அந்தக் காட்சியைத் திருத்தினேன். 'அரைநாகி'யை விடவில்லை. தமிழில் அரை என்றால் இடுப்பும்தானே, அரைஞாண் கட்டுகிற அரை! அவள் சொன்னதும் காவலன் அரைக்குக் கீழே வால் இருக்குமோ என்று பந்தத்தைத் தாழ்த்திக் குனிந்து பார்க்கிறான். இரண்டு கால்கள், ஈர மணல் ஒட்டிய பாதங்கள். அவன் நிமிர்வதற்குள் கோட்டைக்குள் போய்விடுகிறாள்.

மஞ்சக்குப்பம் மறுப்பாளன்:
சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் பலி உண்டா, இல்லையா?

வைத்திக்குப்பத்தான்:
இன்னும் பத்து அத்தியாயம் இருக்கிறது அண்ணா.