ரணதுங்க எல்லைக்கோட்டைத் தாண்டவே இல்லை

நல்லூரான்:
பக்கத்துத் திரியில் ஒருவர் எழுதியதைப் படித்த நேரம் தொடக்கம் நித்திரை இல்லை. 2025 ஜூனில் தென்னாபிரிக்காவின் கறுப்பினக் கப்டன் டெம்பா பவுமா லோர்ட்ஸில் டெஸ்ட் சம்பியன் பட்டத்தை வாங்கியதோடு தென்னாபிரிக்காவில் நிறவெறிக் கதை முடிந்ததாம். அதேபோல 1999இல் அடிலெயிட்டில் எமர்சன் என்ற அம்பயர், பந்தை எறிகிறார் என்று தமிழ்ப் பந்துவீச்சாளர் முரளிக்கு (முத்தையா முரளிதரன்) நோ போல் கொடுத்தபோது இலங்கைக் கப்டன் ரணதுங்க அணியோடு மைதானத்தை விட்டே வெளியேறினாராம். அன்றைக்கே எங்கள் நாட்டிலும் இனபேதம் ஒழிந்ததாம். அவர் வெளியேறவில்லை. எல்லைக்கோடு வரை போனார், கோட்டுக்கு உள்ளே நின்றார், பிறகு திரும்பி வந்து விளையாடினார். நடக்காத ஒன்றை வைத்து இனநல்லுறவுக்குக் கோபுரம் கட்ட வேண்டாம்.

வெள்ளவத்தை ராஜன்:
எழுதியவன் நான்தான். ஒரு சிங்களக் கப்டன் தமிழ்ப் பந்துவீச்சாளருக்காக உலகமே பார்க்க ஆட்டத்தை நிறுத்தினார். அதை விட்டுவிட்டு உங்களுக்குக் கோடுதான் கண்ணில் படுகிறதா அண்ணை? போர் நடந்த காலம் அது. நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், அன்றைக்கு உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா?

நல்லூரான்:
தோன்றியது. அவர் கோட்டைத் தாண்டவில்லை என்றும் தோன்றியது.

கொடிகாமம் சிவா:
1999ஐ விடுங்கள். நான் 1995 மார்கழி 26ஐச் சொல்கிறேன். வலிகாமத்தில் இருந்து இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு கொட்டிலில் இருந்தோம். கரண்ட் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை ரேடியோவில் கொழுவி, நான் கையால் பெடலைச் சுற்ற அப்பா காதை வைத்துக் கேட்டார். மெல்பேர்னில் அம்பயர் டெரல் ஹெயார் முரளிக்கு ஏழு தரம் நோ போல் கொடுத்தார். சுற்றுவதை நிறுத்தினால் சத்தம் தேய்ந்துபோகும், அப்பா கத்துவார். ஊரை விட்டு ஓடிவந்த அந்த மனுசன், எங்களை ஓடவைத்த நாட்டின் அணிக்காக அன்று அழுதார். அது முன்னேற்றமா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் கோடு கோடு என்று இதைச் சின்னதாக்காதீர்கள்.

நல்லூரான்:
தம்பி சிவா, உங்கள் அப்பாவின் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் அழுதது முரளிக்காக, அணிக்காக இல்லை. ராஜன் இன்னும் பதில் சொல்லவில்லை. தாண்டினாரா இல்லையா?

வெள்ளவத்தை ராஜன்:
1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கறுப்பின ஓட்டவீரர்கள் டொமி ஸ்மித்தும் ஜோன் கார்லோஸும் இனபேதத்துக்கு எதிராக மேடையில் கறுப்புக் கையுறையோடு பொத்திய கையை உயர்த்தினார்கள். இரண்டாம் இடத்தில் நின்ற அவுஸ்திரேலிய வெள்ளைக்காரர் பீட்டர் நோர்மன் கையை உயர்த்தவில்லை. மனித உரிமைச் சின்னத்தை மட்டும் நெஞ்சில் குத்தியிருந்தார். அதற்கே அவரை ஊரில் ஒதுக்கினார்கள். 2006இல் செத்தபிறகு, 2012இல்தான் அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. அவருடைய சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் ஸ்மித்தும் கார்லோஸும். அவர் எந்தக் கோட்டைத் தாண்டினார் அண்ணை? பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். ரணதுங்கவும் பக்கத்தில் நின்றார்.

நல்லூரான்:
நோர்மன் நின்றதால் அவருக்கு நட்டம். ரணதுங்க நின்றதால் அவருக்கு மெட்ச் கிடைத்தது. இங்கிலாந்து அடித்த 302 ஓட்டத்தைத் துரத்தி ஒரு விக்கெட்டால் வென்றார்கள். விக்கெட் எடுக்கிற கையை எந்தக் கப்டன் விடுவான்? அந்தக் கை ஒரு விக்கெட்டும் எடுக்காத கையாக இருந்திருந்தால் கோடு வரைக்கும் போயிருப்பாரா? அதுதான் என் கேள்வி. அதோடு அவர் கோட்டைத் தாண்டவும் இல்லை.

சென்ட்ரல் பழைய மாணவன்:
முரளிக்கு முதலே எங்கள் எதிர்வீரசிங்கம் இருக்கிறார். 1958 மே மாதம் டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து தங்கம். இலங்கைக்குக் கிடைத்த முதல் ஆசியத் தங்கம் அது. அதே மே மாதம் இங்கே தமிழரை வெட்டிக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். தங்கம் வாங்கிக் கொடுத்தவனின் இனத்துக்கு அந்தக் கிழமை நடந்தது அது. விளையாட்டு இனபேதத்தை ஒழிக்கும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள். யாழ் மத்திய கல்லூரி மாணவன் என்பதையும் மறக்க வேண்டாம்.

சென் ஜோன்ஸ் 92:
எந்தக் கதை என்றாலும் கடைசியில் உங்கள் பள்ளிக்கூடம் வந்துவிடும். நாடு எரிந்த கதையிலும் கல்லூரிக் கொடியா?

சென்ட்ரல் பழைய மாணவன்:
வரும். 1904 தொடக்கம் வடக்கின் பெருஞ்சமர் என்ற கிரிக்கெட் போட்டியில் உங்கள் சென் ஜோன்ஸுக்குப் பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடம் அது. கிரிக்கெட் வீரர் வியாஸ்காந்தும் எங்கள் பெடியன்தான். உங்களுக்கு எரிந்தால் நான் என்ன செய்ய?

ஹட்டன் மகள்:
எல்லாரும் முரளி "எங்கள் ஆள்" என்கிறீர்கள். முரளி கண்டிக்காரர், தேயிலைத் தோட்டத்து மலையகத் தமிழர் வம்சம். 1948இல் எங்கள் சனத்தின் குடியுரிமையைப் பறித்த சட்டத்துக்கு வடக்குத் தலைவர்கள் சிலரும் கை உயர்த்தினார்கள். 1977இல் முரளியின் வீட்டாருடைய பிஸ்கட் தொழிற்சாலை எரிந்தது. 800 விக்கெட்டுக்குப் பிறகுதான் அவர் உங்களுக்குத் தமிழர் ஆனாரா? நான் படிக்க யாழ்ப்பாணம் வந்தபோது வாடகைக்கு இருந்த வீட்டில் எனக்கென்று தனிப் பேணி. விளிம்பு நெளிந்த சில்வர் பேணி. குடித்தபின் நானே கழுவிக் கிணற்றுக்கட்டில் கவிழ்த்து வைக்க வேண்டும், குசினிக்குள் கொண்டுபோகக் கூடாது. "தோட்டக்காட்டுப் பிள்ளை" என்று எனக்குக் கேட்கத்தான் சொல்வார்கள். அதே வீட்டில் ரிவியில் முரளி விக்கெட் எடுத்தால் கைதட்டுவார்கள். ரணதுங்க கோட்டைத் தாண்டினாரா என்று கேட்கிற நல்லூர் ஐயா, நீங்கள் தாண்டினீர்களா?

கொடிகாமம் சிவா:
அக்கா, இதை வாசிக்க வெட்கமாக இருக்கிறது.

நல்லூரான்:
பிள்ளை, அந்த வீட்டுக்காரர் செய்தது பிழை. நான் அப்படி வளரவில்லை. ஆனால் அது வேறு கதை, தனித் திரி போட்டுக் கதைக்கலாம். இங்கே கேள்வி அடிலெயிட்.

ஹட்டன் மகள்:
வேறு கதை இல்லை ஐயா. இதுதான் கதை.

வெள்ளவத்தை ராஜன்:
அப்படிக் கேளுங்கள் அக்கா! இவ்வளவு நேரமும் சிங்களவர் மட்டும்தான் பேதம் பார்ப்பவர்கள் என்பதுபோல எழுதினார்.

ஹட்டன் மகள்:
ராஜன், என்னை உங்கள் பக்கம் சேர்க்க வேண்டாம். இனபேதம் ஒழிந்தது என்று எழுதியது நீங்கள். எங்கே ஒழிந்தது? தோட்டத் தொழிலாளர் இருக்கிற லயன் அறைக்கு வந்து பாருங்கள்.

சென் ஜோன்ஸ் 92:
1958 தங்கத்துக்குப் பாராட்டு விழா எந்த மைதானத்தில் நடந்தது என்று சென்ட்ரல்காரர் சொல்ல முடியுமா?

சென்ட்ரல் பழைய மாணவன்:
உங்கள் மைதானத்தில் இல்லை, அது நிச்சயம்.

நல்லூரான்:
மைதானச் சண்டையை நிறுத்துங்கள். ராஜன் முதலில் எழுதியது "மைதானத்தை விட்டு வெளியேறினார்". இப்போது "பக்கத்தில் நின்றார்" என்று மாற்றிவிட்டார். மாற்றியதை ஒப்புக்கொள்ளட்டும், நான் போய்ப் படுக்கிறேன்.

வெள்ளவத்தை ராஜன்:
மாற்றவில்லை. கோடு வரை போனவன் வெளியேறத்தான் போனான்.

நல்லூரான்:
போனது கோடு வரை. உள்பக்கம். நாளைக்கு விடியக் காணொளியைத் தேடிப் போடுகிறேன், அவர் சப்பாத்து எங்கே நிற்கிறது என்று எல்லாரும் பாருங்கள்.