பக்கத்து வீட்டு தம்பிங்களை சாப்பிட கூப்பிடணும், எப்படின்னு சொல்லுங்க
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருக்கோம், பக்கத்து வீட்டுக்கு ரெண்டு ஆம்பள பசங்க ஜோடியா வந்திருக்காங்க, கல்யாணம் பதிவு பண்ணவங்க, இங்கதான் 2006லயே அதுக்கு சட்டம் வந்துடுச்சே. போன மாசம் அம்மா சுகர் இறங்கி மயங்கினப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு காரை எடுத்து ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோனது அவங்கதான், விடியிற வரைக்கும் கூடவே உக்காந்திருந்தாங்க. கிறிஸ்மஸுக்கு பிரியாணி போட்டு கூப்பிடலாம்னு சொன்னா சபையில சிலர் முகம் சுளிக்கிறாங்க. பைபிள்ல லூக்கா 10ல வர்ற, வழியில அடிபட்டு கிடந்தவனுக்கு உதவி பண்ண சமாரியன்தான் என் மனசுல ஓடிக்கிட்டே இருக்கான். என் விசுவாசத்தை நான் விடல, ஆனா அவங்களுக்கு புத்தி சொல்றதுக்காக கூப்பிடுறேன்னு நினைச்சிடக்கூடாது. இப்படி பழகினவங்க இருந்தா சொல்லுங்க, என்ன பேசுனீங்க, சர்ச்சுல கேக்குறவங்களுக்கும் என் 9 வயசு மகளுக்கும் என்ன பதில் சொல்றது?