குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு எந்த எலக்ட்ரிக் கார்? ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும், உதவுங்கள்

பெருமாள்புரத்தான் (வெள்ளி, இரவு 10.40)

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கும், குழந்தைகள் உள்ள எங்கள் குடும்பத்துக்கு எலக்ட்ரிக் கார் வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம். டாட்டா நெக்ஸான், எம்.ஜி. விண்ட்சர் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன், இரண்டுமே பிடித்திருக்கின்றன. முன்பணம் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடும் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். ஒரு முறை சார்ஜ் போட்டால் எது அதிகத் தூரம் ஓடும், எது பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது என்ற இரண்டை மட்டும் யாராவது தெளிவாகச் சொன்னால் போதும். நாளை மாலைக்குள் பதில் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

அம்பைவாசி (வெள்ளி, இரவு 10.58)

வணக்கம் தம்பி. பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது, வீட்டில் பெரியவர்கள் உண்டா, தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள், மொத்தச் செலவு எவ்வளவுக்குள் அடங்க வேண்டும் என்று எதையுமே நீங்கள் எழுதவில்லை. இவற்றைச் சொன்னால்தான் எங்களால் பொறுப்பாகப் பதில் சொல்ல முடியும்.

வள்ளியூர் வயர்மேன் (வெள்ளி, இரவு 11.15)

எந்த வண்டி என்பதைவிட, எந்த பிளக்கில் சார்ஜ் போடப் போகிறீர்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். சொந்த வீடா, வாடகை வீடா, வண்டி நிற்கும் இடத்திலிருந்து மீட்டர் பெட்டி எவ்வளவு தூரம் என்று சொல்லுங்கள்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. போன வருடம் ஒரு வாடிக்கையாளர் புது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய அன்றிரவே, சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறது, வண்டி சார்ஜ் ஏற மறுக்கிறது என்று கூப்பிட்டார். வண்டியில் ஒரு பழுதும் இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 18 வோல்ட் காட்டியது. கரிசலும் பாறையுமான நம் பக்கத்து மண் சித்திரை வெயிலில் காய்ந்து வெடித்துவிட்டால், பழைய எர்த் குழி இருந்தும் இல்லாததுதான். கரியும் உப்பும் போட்டுப் புதிதாகக் குழி எடுத்து, மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரில் தனி லைன் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.பி.ஓ. என்ற பாதுகாப்புச் சுவிட்ச் போட்ட பிறகே சார்ஜ் ஏறியது. மிக்ஸிக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் ஓடும் வயரில் எட்டு மணி நேரம் தொடர்ந்து 3 கிலோவாட் இழுத்தால் பிளக் உருகிப்போகும். அப்படி உருகிக் கருகிய பிளக்குகள் இரண்டை நான் கையால் கழற்றியிருக்கிறேன்.

குறுக்குத்துறை (சனி, காலை 6.05)

இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன். பழைய பதிவுகளைப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் புதியவர்களிடம் இல்லாமல் போனது வருத்தம் தருகிறது. பேட்டரியின் வேதியியல் தெரியாமல் கார் வாங்குவது, மண்ணைப் பார்க்காமல் நிலம் வாங்குவது போன்றது. நெக்ஸான், விண்ட்சர் இரண்டிலும் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. அது நிக்கல் கலந்த பேட்டரியைவிட வெப்பத்தைத் தாங்கும், அதிக ஆண்டு உழைக்கும். பாளையங்கோட்டை வெயிலில் குடியிருப்பவர் வேறு வகையைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. தூரம்தான் கேள்வி என்றால், 45 யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி உள்ள நெக்ஸானுக்கு 489 கிலோமீட்டர் என்றும், 38 யூனிட் விண்ட்சருக்கு 332 கிலோமீட்டர் என்றும் நிறுவனங்களே அறிவித்திருக்கின்றன. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வடகரைச் சாலை (சனி, காலை 7.30)

குறுக்குத்துறை அண்ணாச்சி சொன்ன எண்கள் சோதனைக் கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்தவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் 45 யூனிட் வண்டியைத்தான் ஒன்றரை வருடமாக ஓட்டுகிறேன். ஊருக்குள் மெதுவாகப் போனால் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் கிடைக்கிறது. நான்கு வழிச்சாலையில் ஏ.சி. போட்டு, ஐந்து பேரோடு 100 வேகத்தில் போனால் 6 கிடைப்பதே நல்ல நாள். ஆடிக் காற்றில் வள்ளியூர் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் போகும்போது, அத்தனை காற்றாலைகளையும் சுழற்றுகிற காற்று வண்டியின் நெற்றியில் மோதும். அன்று எனக்கு ஐந்தேகால்தான் கிடைத்தது. திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளியதால் ஏழரை வந்தது. தூரத்தைக் கணக்கிடும்போது இருபது சதவீதத்தைக் கையிருப்பாக ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குப்படி மதுரைக்கு நிம்மதியாகப் போகலாம். சார்ஜ் போடாமல் போய்த் திரும்ப முடியாது.

இரட்டையரின் தாய் (சனி, காலை 9.10)

பாதுகாப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் இரட்டைக் குழந்தைகளை வளர்த்த அனுபவத்தில் எழுதுகிறேன். கார்களை மோதவிட்டுப் பார்க்கும் பாரத் என்.சி.ஏ.பி. சோதனையில் 2024இல் நெக்ஸான் மின்சாரக் காருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் 32க்கு 29.86, குழந்தைகள் பாதுகாப்பில் 49க்கு 44.95 கிடைத்தன. டாட்டா பஞ்ச் மின்சாரக் காருக்கு 31.46, 45. இரண்டுக்கும் ஐந்து நட்சத்திரம். ஆனால் அந்தச் சோதனையில் குழந்தைப் பொம்மைகள் குழந்தை இருக்கையில் முறையாகப் பூட்டப்பட்டிருந்தன என்பதை வாங்குபவர்களில் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. இருக்கை இல்லாமல் உட்கார வைக்கும் பிள்ளைக்கு அந்த மதிப்பெண் பொருந்தாது.

பின்சீட்டின் இரு ஓரங்களிலும் இருக்கும், குழந்தை இருக்கையைப் பூட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகளைக் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சில வண்டிகளில் கொக்கி மெத்தையின் இடுக்கில் ஆழமாகப் புதைந்திருக்கும். மழையில் நனைந்துகொண்டு அழும் பிள்ளையைப் பூட்டும்போதுதான் கைக்கு எட்டும் கொக்கியின் அருமை தெரியும். குழந்தை 15 மாதம் தாண்டும் வரையாவது பின்னோக்கிப் பார்க்கும் இருக்கைதான் வேண்டும். அது முன்சீட்டை முட்டாமல் நிற்கிறதா என்று ஷோரூமிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள்.

சீவலப்பேரியான் (சனி, காலை 10.20)

அம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் நம் ஊரில் குழந்தையை அப்படிக் கட்டிப்போட்டால் பத்து நிமிடம்கூட இருக்காது. தாய் மடியைவிடப் பாதுகாப்பான இடம் குழந்தைக்கு உண்டா? என் மூன்று பிள்ளைகளும் மடியில் உட்கார்ந்தே திருச்செந்தூருக்கும் குற்றாலத்துக்கும் போய் வந்தார்கள்; கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. இதற்காக இருபதாயிரம், முப்பதாயிரம் செலவழிக்கச் சொல்வது நடுத்தரக் குடும்பத்தின் மேல் சுமை ஏற்றுவதாகும்.

இரட்டையரின் தாய் (சனி, காலை 10.55)

அண்ணாச்சி, கோபப்படாமல் இந்தக் கணக்கைப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி, பத்தில் ஒரு நொடியில் நின்றுவிட்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தை அந்த நொடியில் ஏறக்குறைய 140 கிலோ மூட்டை போல முன்னால் இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. தாய் பெல்ட் போடாமல் இருந்தால், அவர் எடையும் சேர்ந்து குழந்தையின் மேல்தான் விழும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவும், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. என் பையனும் முதல் நான்கு நாள் கதறினான். வண்டியை வீட்டு வாசலிலேயே நிறுத்தி, இருக்கையில் உட்கார வைத்து, பருப்புச் சாதம் ஊட்டிப் பழக்கினேன். ஐந்தாம் நாள் தானாகவே ஏறி உட்கார்ந்தான்.

சீவலப்பேரியான் (சனி, காலை 11.25)

மடியில் வைத்ததைத் தவறு என்று நான் இதுவரை நினைத்ததில்லை. 140 கிலோ என்ற கணக்கை என் மருமகனிடம் காட்டினேன். சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். செலவு பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

சிந்துபூந்துறை (சனி, பிற்பகல் 1.40)

யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் எங்கள் தெருவுக்குள் வந்தபோது, பக்கத்து வீட்டு மின்சாரக் கார் இருக்கை மட்டம் வரை தண்ணீரில் நின்றது. பேட்டரிப் பெட்டி ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் ஐ.பி. 67 தரம், இரவு முழுவதும் நிற்பதற்கு அந்தத் தரம் உத்தரவாதம் ஆகாது. அவர் நல்லவேளையாகத் தண்ணீர் வடிந்ததும் வண்டியை இயக்காமலும் சார்ஜ் போடாமலும் இழுவை வண்டியில் ஏற்றி அனுப்பினார். ஆற்றங்கரைப் பகுதியில் குடியிருந்தால் சார்ஜர் பிளக்கை மார்பு உயரத்துக்கு மேல் வையுங்கள், காப்பீட்டில் வெள்ளச் சேதமும் பேட்டரியும் அடங்குகின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெருமாள்புரத்தான் (சனி, மாலை 6.50)

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வேலையில் இருந்ததால் இப்போதுதான் பார்க்கிறேன். பெண்ணுக்கு 7 வயது, இரட்டைப் பையன்களுக்கு 2 வயது. என் தாயாரும் எங்களோடுதான் இருக்கிறார், முழங்கால் வலி உள்ளவர். நான் வேலைக்கு வள்ளியூர் போய் வருகிறேன், அன்றாடம் 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். எல்லாம் சேர்த்து 20 லட்சம் வரை முடியும். வாடகை வீடு, மாடியில் இருக்கிறோம். வண்டியைக் கீழே முன்வாசலில் நிறுத்தலாம். சார்ஜ் விஷயத்தை இன்னும் யோசிக்கவில்லை.

அம்பைவாசி (சனி, மாலை 7.05)

தம்பி, நீங்களும் உங்கள் மனைவியும் தாயாரும் மூன்று பிள்ளைகளும் என்றால் ஆறு பேர். நெக்ஸான், விண்ட்சர் இரண்டும் ஐந்து பேருக்கான வண்டிகள். இரண்டு குழந்தை இருக்கைகளைப் பூட்டிய பிறகு நடுவில் மிஞ்சும் இடத்தில் பெரியவர் ஒருவரின் தோள்கூட அடங்காது. நேற்றிலிருந்து நாங்கள் எழுதியதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. மூன்று வரிசை உள்ள மின்சாரக் கார்களில் உங்கள் தொகைக்குப் பக்கத்தில் வருவது கியா காரென்ஸ் கிளாவிஸின் மின்சார வகை. 2025 ஜூலையில் 17.99 லட்சத்திலிருந்து விற்பனைக்கு வந்தது, 42 யூனிட், 51.4 யூனிட் என இரண்டு பேட்டரி உண்டு. தாயார் முன்சீட்டில் உட்காரட்டும். பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் பல மின்சாரக் கார்களின் பின்சீட்டில் முழங்கால் மேலே தூக்கி நிற்கும். அது அவருக்கு வலியைக் கூட்டும்.

இரட்டையரின் தாய் (சனி, மாலை 7.40)

மூன்று வரிசை வண்டியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நாங்கள் எங்கள் பெட்ரோல் வண்டியை வாங்கிய பிறகுதான் கண்டுபிடித்தோம். இரண்டாம் வரிசையின் இரு ஓரத்திலும் குழந்தை இருக்கையைப் பூட்டிவிட்டால் அந்தச் சீட்டை மடக்க முடியாது, மூன்றாம் வரிசைக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். எங்கள் வீட்டில் பெரியவள் டிக்கி வழியாக ஏறிக்கொண்டிருந்தாள். அவசரத்தில் அவளால் தானாக இறங்க முடியாது என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு ஓர் இருக்கையை வலது ஓரத்தில் விட்டுவிட்டு, மற்றதை பெல்ட்டால் கட்டும் வகையாக மாற்றி மூன்றாம் வரிசையில் வைத்தோம். அதில் இருந்த பையனுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். பெரியவள் இரண்டாம் வரிசையில், உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கையில் உட்கார்ந்தாள். உங்கள் இரண்டு குழந்தை இருக்கைகளையும் மூன்று பிள்ளைகளையும் ஷோரூமுக்கே அழைத்துப் போய், கதவைத் திறந்து, ஒவ்வொருவராக ஏற்றி இறக்கிப் பாருங்கள். அதைச் செய்ய விடாத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

வள்ளியூர் வயர்மேன் (சனி, இரவு 8.30)

80 கிலோமீட்டருக்கு, இழப்பையும் சேர்த்து, நாளுக்கு 14 யூனிட் வேண்டும். 15 ஆம்பியர் பிளக்கில் ஐந்து மணி நேரம், ஆகவே இரவிலேயே முடிந்துவிடும். மாதம் 25 வேலை நாள் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட். வீட்டுக்காரர் மீட்டரிலிருந்து இழுத்தால் அவருடைய கட்டணம் 500 யூனிட் வரம்பைத் தாண்டி மேல் படிகளுக்குப் போகும். இரண்டு மாதம் முடிந்து அந்த பில் வந்த பிறகு பேசினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். துணை மீட்டர் பொருத்தி, ஒரு யூனிட்டுக்கு என்ன விலை என்று முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். யூனிட்டுக்கு 11 ரூபாய் கொடுத்தாலும் நாளுக்கு 154 ரூபாய்தான். அதே 80 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 15 ஓடும் பெட்ரோல் வண்டி ஐந்து லிட்டருக்கு மேல் குடிக்கும்.

குறுக்குத்துறை (சனி, இரவு 9.15)

கிளாவிஸில் இருப்பது நிக்கல் வகை பேட்டரி என்பதை யாரும் குறிப்பிடவில்லை. வெயிலில் நிறுத்தாமல், அன்றாடம் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொண்டால் அதுவும் உழைக்கும். ஆறு பேர் என்பது முதலிலேயே தெரிந்திருந்தால் நானும் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பெருமாள்புரத்தான் (ஒன்பது நாள் கழித்து, திங்கள், இரவு 9.50)

தள்ளுபடியை விட்டுவிட்டோம். வீட்டுக்காரர் துணை மீட்டருக்குச் சம்மதித்து, எர்த் குழியும் எடுத்தாயிற்று. சனிக்கிழமை பிள்ளைகளோடு போய் மூன்று வரிசை வண்டியில் இரண்டு மணி நேரம் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். பையன்களில் ஒருவனை மூன்றாம் வரிசையில் விட என் மனைவிக்கு இன்னும் மனம் வரவில்லை. அம்மாவுக்கு முன்சீட்டு வசதியாக இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

வள்ளியூர் வயர்மேன் (திங்கள், இரவு 10.05)

நல்லது தம்பி. குழி எடுத்த பிறகு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் காட்டியது?